லேபில் முதல் வருடம்: வேதியியல், உயிரியல், பயோடெக் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எம்.எஸ்சி. வேதியியலோ விலங்கியலோ பயோடெக்னாலஜியோ படிக்கிறீர்கள், ஆராய்ச்சிக்குப் போகலாம் என்ற எண்ணம் இருக்கிறது, ஆனால் எங்கே ஆரம்பிப்பது, யாரிடம் கேட்பது, லேபுக்குள் போன முதல் நாள் என்ன செய்வது என்று சொல்லித்தர வீட்டிலும் ஆள் இல்லை, கல்லூரியிலும் யாருக்கும் நேரம் இல்லை. அப்படி நிற்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடம் லேபில் இருந்தேன். அதன்பிறகும் வருடத்துக்கு இரண்டு மூன்று ப்ராஜெக்ட் மாணவர்கள் பக்கத்தில் நின்று வேலை கற்றுக்கொண்டு போகிறார்கள். அவர்கள் தடுமாறுகிற இடங்கள் பெரும்பாலும் ஒரே இடங்கள்தான்.

நீங்கள் ஊரில் இல்லாத ஒரு நாளில், உங்களைப் பார்த்தே இராத ஒருவர், உங்கள் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் சோதனையைத் திரும்பச் செய்து அதே பதிலுக்கு வந்து சேர வேண்டும். ஆராய்ச்சி என்று நான் நம்புவது இதைத்தான். கீழே வருகிற ஒவ்வொரு படியையும் இதை வைத்தே அளந்து எழுதியிருக்கிறேன்.

படி 1: படிக்கும்போதே ஒரு நிஜ லேபுக்குள் போய்விடுங்கள்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமியும் வேறு இரண்டு தேசிய அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்துகிற கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப்பில் இரண்டு மாதம் நாட்டின் எந்த மூலையிலும் உள்ள ஒரு விஞ்ஞானியின் லேபில் உதவித்தொகையோடு வேலை செய்யலாம். சென்னை ஐ.ஐ.டி., பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையம் போன்ற இடங்கள் தனித்தனியாகவும் இப்படி எடுக்கின்றன. கோடைக்கால வேலைதானே என்று மார்ச்சில் தேடினால் பாதிக் கதவு மூடியிருக்கும், முந்தைய வருடக் கடைசியிலேயே அறிவிப்புகளைப் பார்க்க ஆரம்பியுங்கள். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், அதை விண்ணப்பத்தின் கடைசி நாளில் போய் அவசரப்படுத்தி வாங்காதீர்கள்.

நம் ஊரிலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகளும், அண்ணா பல்கலைக்கழகத்தின் பயோடெக்னாலஜி மையமும் இருக்கின்றன. பக்கத்து நிறுவனத்தின் கதவைத் தட்டுவது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் கொலாஜனின் மூவிழை அமைப்பைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வேண்டிய கொலாஜன், பக்கத்தில் இருந்த அந்தத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் வந்தது.

மெயில் எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் ஐம்பது பேருக்குமே அது தெரிந்துவிடும். ஐந்து பேரை எடுங்கள். ஒவ்வொருவருடைய கடைசி மூன்று வருடப் பேப்பர்களில் இரண்டையாவது படியுங்கள், அதில் ஒரு படத்தைப் பற்றியோ ஒரு முடிவைப் பற்றியோ உங்களுக்கு நிஜமாகவே எழுந்த கேள்வியை இரண்டு வரியில் கேளுங்கள், என்னென்ன செய்யத் தெரியும், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வர முடியும் என்று சொல்லி முடித்துவிடுங்கள். பத்து நாளில் பதில் வரவில்லை என்றால் பணிவாக இன்னொரு முறை அனுப்பலாம், தப்பில்லை.

காசு வாங்கிக்கொண்டு ப்ராஜெக்ட்டை முடித்து, தீசிஸும் அடித்துத் தருகிற இடங்கள் ஊர் ஊருக்கு இருக்கின்றன. தயவுசெய்து போகாதீர்கள். மார்க் கிடைக்கும், ஆனால் பிஎச்.டி. நேர்காணலில் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் "இந்த அடர்த்தியை ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது. சரியாக வராத ஒரு சோதனையையாவது நீங்களே செய்து பார்த்த ஒரு சாதாரண ப்ராஜெக்ட், அதைவிடப் பல மடங்கு மேல்.

படி 2: தேர்வுகள்

இதைப் பற்றி எழுதக் கோச்சிங் சென்டர்கள் நிறைய இருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் வேதியியல், உயிர் அறிவியல் இரண்டுமே 200 மதிப்பெண்ணுக்கு, மூன்று பகுதியாக வரும். முதல் பகுதி பொதுத்திறன், 30 மதிப்பெண், இரண்டாவது 70, மூன்றாவது 100. மூன்றாம் பகுதியில் உயிர் அறிவியலுக்கு 75 கேள்வியிலிருந்து 25 மட்டும் எழுதினால் போதும், கேள்விக்கு 4 மதிப்பெண், அதனால் எல்லாவற்றையும் மேலோட்டமாகப் படிப்பதைவிட பாதிப் பாடத்தை ஆழமாகப் படித்தவர்களுக்கே அந்தப் பகுதி கைகொடுக்கிறது. தப்புக்கு மதிப்பெண் குறையும், குருட்டாம்போக்கில் அடிக்க வேண்டாம். கேட் தேர்வில் வேதியியல், உயிர் அறிவியல், பயோடெக்னாலஜி என்று தனித்தனித் தாள், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். பயோடெக்னாலஜி துறையின் ஃபெலோஷிப்புக்கு பெட் என்ற தேர்வு தனி. 2024 முதல் நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற அந்த உதவித்தொகை கிடைக்காவிட்டாலும் அந்த மதிப்பெண்ணை வைத்துப் பிஎச்.டி. சேர்க்கைக்குப் போகலாம், ஆனால் அப்படிக் கிடைக்கிற தகுதி ஒரு வருடம்தான் செல்லும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023 ஜனவரியில் உயர்த்தியபடி, முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000, அதோடு வீட்டு வாடகைப்படி. கையில் சொந்த ஃபெலோஷிப் இருந்தால் எந்த லேப் என்று தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் உங்களிடம் வந்துவிடுகிறது, பணத்தைவிட அது பெரிது.

படி 3: தலைப்பைவிட முதலில் கைடு

ஐந்து வருடத்தில் தலைப்பு மூன்று முறை மாறும். உங்கள் ஆய்வை வழிநடத்துகிற கைடு மாறுவது அபூர்வம், மாறினால் வலியோடுதான் மாறும். அதனால் இந்தப் படியில் அவசரமே வேண்டாம்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க முடியாது. பணி ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புது மாணவரை எடுக்க முடியாது. எனவே "இடம் இருக்கிறதா, எப்போது ரிட்டயர் ஆகிறார்" என்பதை விசாரிப்பது மரியாதைக் குறைவில்லை, அவசியம். பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். பெண்களுக்கு இரண்டு வருடத் தளர்வும் 240 நாள் மகப்பேறு விடுப்பும் உண்டு. இந்த வரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால்தான் கிடைக்கிறது என்ற நிலை சில இடங்களில் இன்னும் இருக்கிறது.

அப்புறம் லேபுக்கு நேரில் போங்கள். கைடு அறையில் இல்லாத நேரத்தில் ஸ்காலர்களோடு டீக்கடை வரை நடந்து போனால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் தெரிந்துவிடும். இங்கே முடித்தவர்கள் சராசரியாக எத்தனை வருடம் எடுத்தார்கள்? பாதியில் விட்டுப் போனவர்கள் யாராவது உண்டா, ஏன்? கெமிக்கல் தீர்ந்தால் எத்தனை வாரத்தில் வருகிறது? பேப்பரில் யார் பெயர் முதலில் வரும் என்பதை எப்போது பேசுவார்கள்? ஒரு ரிசல்ட் எதிர்பார்த்தபடி வராவிட்டால் கைடு என்ன செய்வார்? கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியம். "சரி, ஏன் வரவில்லை என்று பார்ப்போம்" என்று சொல்கிறவரிடம் சேருங்கள். "வருகிறவரைக்கும் செய்" என்று மட்டும் சொல்கிறவரிடம் சேர்ந்தால், என்றாவது ஒரு நாள் வராத ரிசல்ட்டை வந்ததாகக் காட்ட வேண்டிய நெருக்கடி உங்கள் தலையில் விழும்.

துறை மாறுவதற்குப் பயப்படாதீர்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் பிஎச்.டி. முடித்துவிட்டு, மறுபடியும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். 2009-ல் ரைபோசோம் ஆய்வுக்காக வேதியியல் நோபல் வாங்கினார். வேதியியல் படித்தவர் உயிரியல் லேபுக்குப் போனால் முதல் வருடம் கஷ்டம், மூன்றாவது வருடம் அவர்தான் அந்த லேபின் பலம்.

படி 4: எதையும் தொடுவதற்கு முன்

முதல் வாரத்தில் நான்கு இடங்களைக் கண்ணைக் கட்டினாலும் போய்ச் சேருகிற அளவுக்குத் தெரிந்துகொள்ளுங்கள்: தீயணைப்பான், கண் கழுவுகிற குழாய், அவசர ஷவர், மெயின் ஸ்விட்ச். ஷவர் வேலை செய்கிறதா என்று திறந்து பார்த்துவிடுங்கள். 2008 டிசம்பரில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் காற்று பட்டாலே தீப்பிடிக்கிற டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை ஊசியில் இழுக்கும்போது ஊசியின் தண்டு கழன்று தீப்பிடித்தது. லேப் கோட் போட்டிருக்கவில்லை, செயற்கை இழை ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது, 18 நாளில் உயிர் போய்விட்டது. எங்கள் ஊர் வெயிலில் கோட் போட முடியாது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்கிறேன். பருத்திக் கோட் வாங்குங்கள். நைலான் கலந்தது வேண்டவே வேண்டாம்.

கையுறை எல்லாம் ஒன்றில்லை. டார்ட்மத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் 1996-ல் டைமெத்தில் மெர்க்குரி சில துளி லேடெக்ஸ் கையுறை மேல் விழ, அது கையுறையை ஊடுருவி உள்ளே போய், பத்து மாதத்தில் இறந்தார். அவர் அலட்சியமானவர் இல்லை, அன்று எல்லோரும் போட்டது அதே கையுறைதான். நாம் தினமும் எடுக்கிற டைகுளோரோமீத்தேன் மெல்லிய நைட்ரைல் கையுறையை ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடும், மேலே சிந்தினால் உடனே கழற்றி மாற்றுங்கள். அதே கையுறையோடு கதவுப் பிடியையும் போனையும் தொடாதீர்கள்.

கழிவு விஷயத்தில் முதல் வருடத்தினர் செய்கிற தப்புகள்: அசிட்டோனையும் குளோரோஃபார்மையும் ஒரே பாட்டிலில் ஊற்றுவது, காரம் சேர்ந்தால் அது கொதித்து வெடிக்கலாம்; நைட்ரிக் அமிலத்தைக் கரிமக் கரைப்பான் கழிவில் ஊற்றி மூடியை இறுக்குவது; சோடியம் அசைடு போட்ட பஃபரைச் சிங்கில் ஊற்றுவது, ஈய, செம்புக் குழாயில் அது வெடிக்கும் உப்பாகப் படியும். உயிரியல் பக்கம், லேமினார் ஃப்ளோவும் பயோசேஃப்டி கேபினட்டும் ஒன்று என்று நினைப்பது. முன்னது உங்கள் சாம்பிளைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது, அதன் காற்று உங்கள் முகத்தை நோக்கித்தான் வருகிறது. நோய்க்கிருமியை அதில் வைத்து வேலை செய்யக் கூடாது. திரவ நைட்ரஜனை மூடிய சின்ன அறையில் ஊற்றவும் வேண்டாம், ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாக விரிந்து அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும்.

படி 5: நோட்டு

பைண்ட் செய்த, பக்க எண் போட்ட நோட்டு. பேனா. கிழித்தெடுக்கிற காகிதம் கூடாது, டிஷ்யூ பேப்பரில் குறித்துப் பிறகு ஏற்றலாம் என்பது கூடாது. தேதி, என்ன கேள்விக்காக இதைச் செய்கிறேன் என்று ஒரு வரி, எந்த கம்பெனியின் கெமிக்கல், அதன் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் என்ன, எவ்வளவு எடுத்தீர்கள் என்ற நிஜ எடை. "2 கிராம்" என்று நோட்டில் இருந்தால் நம்ப மாட்டேன், "2.013 கிராம்" என்று இருந்தால் நம்புவேன். தப்பானதை ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். சோதனை நடக்கும்போதே எழுத வேண்டும், சாயங்காலம் ஞாபகத்திலிருந்து எழுதினால் அது வேறொரு சோதனையின் கதையாகிவிடும்.

கண்ணில் பட்டதை எல்லாம் எழுதுங்கள்: நிறம் எத்தனை நிமிடத்தில் மாறியது, அன்று மின்சாரம் எத்தனை மணிக்குப் போய் வந்தது, இன்குபேட்டர் கதவு திறந்திருந்ததா. நான் இரண்டாம் வருடத்தில் ஒரு வினையில் நாலு மாதம் சிக்கிக்கொண்டேன், ஒரு வாரம் வரும், அடுத்த வாரம் வராது. கடைசியில் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், வராத நாட்கள் எல்லாமே மழை பெய்த நாட்கள் என்று தெரிந்தது. கரைப்பானை உலர்த்தி எடுக்க ஆரம்பித்ததும் சரியானது. "மழை" என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்காவிட்டால் அந்த வேலையையே விட்டிருப்பேன்.

ட்யூபின் மேல் "1, 2, 3" என்று மட்டும் எழுதாதீர்கள். பெயரின் முதலெழுத்து, தேதி, நோட்டின் பக்க எண் மூன்றும் இருந்தால் ஃப்ரீசரில் மூன்று வருடம் கழித்து எடுத்தாலும் அது என்ன என்று தெரியும். எத்தனால் பட்டால் அழிகிற பேனா வேண்டாம்.

படி 6: பைபெட்டும் கணக்கும்

மைக்ரோபைபெட்டின் பொத்தானில் இரண்டு நிறுத்தங்கள். முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சி, விடும்போது இரண்டாவது வரை. உறிஞ்சும்போதே இரண்டாவது வரை அழுத்துவதுதான் புதிதாக வருகிற பாதிப் பேருக்கு நடக்கிற தப்பு, யாரும் பக்கத்தில் நின்று பார்க்காவிட்டால் மாதக்கணக்கில் அது தெரியாது. ஒரு பயிற்சி சொல்கிறேன்: தராசில் சின்னப் பாத்திரம் வைத்து 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை விடுங்கள், ஒவ்வொரு முறையும் 100 மில்லிகிராமை ஒட்டி வர வேண்டும். பத்தும் ஒரே பக்கம் விலகினால் பைபெட்டைச் சந்தேகப்படுங்கள், இங்குமங்கும் சிதறினால் கையைத் திருத்துங்கள். இதைச் செய்யாமல் யாரையும் நான் என்சைம் தொட விடுவதில்லை.

கணக்கில் இரண்டு இடம். பாட்டிலின் லேபிளில் உள்ள மூலக்கூறு எடையைப் பாருங்கள், இணையத்தில் பார்த்ததை வேண்டாம். நீரற்ற காப்பர் சல்ஃபேட் 159.6, ஐந்து நீர் மூலக்கூறு உள்ளது 249.7, மாற்றிப் போட்டால் உங்கள் கரைசல் ஒன்றரை மடங்கு தள்ளிப் போகும். இரண்டாவது, டிரிஸ் பஃபரின் பி.எச். வெப்பநிலையோடு நகரும். அறை வெப்பத்தில் 8.0 என்று வைத்தது குளிர் அறையில் 8.6 பக்கம் போய்விடும், எந்த வெப்பத்தில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த வெப்பத்தில் சரிசெய்யுங்கள். இ.டி.டி.ஏ. கரையவே மாட்டேன் என்கிறது என்று எல்லோரும் ஒரு முறை வந்து சொல்வார்கள், சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு பி.எச். 8-ஐ நெருங்கும்போதுதான் கரையும்.

படி 7: கன்ட்ரோல் இல்லாமல் ஒரு ரிசல்ட்டும் இல்லை

நம் கல்லூரிகளில் மிக அதிகமாகச் செய்யப்படுகிற ப்ராஜெக்ட்டையே எடுத்துக்கொள்வோம். ஏதோ ஒரு மூலிகை இலையின் சாறு, அதில் சில்வர் நைட்ரேட் கலந்தால் கரைசல் பழுப்பாகும், யு.வி. கருவியில் 420 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு வரும், வெள்ளி நானோ துகள் வந்துவிட்டது. அதைச் சின்னக் காகித வட்டில் ஊற்றி, பாக்டீரியா பரப்பிய அகார் தட்டில் வைத்தால் பாக்டீரியா வளராத வளையம் தெரியும். படம் எடுத்துத் தீசிஸில் ஒட்டிவிடுவார்கள். இந்த வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை, குறைந்த செலவில் நிறையக் கற்றுக்கொள்ள முடிகிற வேலை இது. ஆனால் கேள்விகளைக் கேளுங்கள்.

வெள்ளி அயனியே பாக்டீரியாவைக் கொல்லும். உங்கள் கரைசலில் வினைபுரியாமல் மிச்சமிருக்கிற சில்வர் நைட்ரேட்தான் அந்த வளையத்தைப் போட்டதா, நானோ துகளா? அதே அடர்த்தியில் சில்வர் நைட்ரேட் மட்டும் ஒரு வட்டு வேண்டும். சாறே கொல்கிறதா? சாறு மட்டும் ஒரு வட்டு. எத்தனாலில் சாறு எடுத்தீர்களா? எத்தனால் மட்டும் ஒரு வட்டு. தெரிந்த ஆன்டிபயாடிக் ஒரு வட்டு, இது வேலை செய்யாவிட்டால் உங்கள் தட்டிலேயே கோளாறு. துகள்களைச் சுழற்றிப் பிரித்துக் கழுவினீர்களா? மேல்நீரை எடுத்து அதையும் ஒரு வட்டில் போடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற இந்த ஐந்தும்தான் கன்ட்ரோல்கள். ஐந்தும் சேர்ந்தால் இரண்டு தட்டு கூடுதல், ஒரு நாள் கூடுதல், அவ்வளவுதான். வைவாவில் யார் எதைக் கேட்டாலும் நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

இன்னொன்று, அந்த இலை எந்தச் செடியின் இலை? நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடிக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். பூவோடு ஒரு கிளையைப் பறித்து, அழுத்திக் காயவைத்து, கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையத்திலோ, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலோ (உலர்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கிற இடம்) அடையாளம் உறுதிசெய்து, உங்கள் மாதிரிக்கு அவர்கள் தருகிற எண்ணை வாங்கித் தீசிஸில் போடுங்கள். செடி தப்பானால் பின்னால் செய்த எல்லாமே தப்பு. அதை வெளிநாட்டு லேபுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், 2002-ன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி சென்னையில் இருக்கிற தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டியிருக்கலாம், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விலங்குகள், மனித ரத்தம், மரபணு மாற்றம் எதுவானாலும் கமிட்டி அனுமதி கையில் வந்த பிறகுதான் தொடங்க வேண்டும், பின்தேதி போட்டு வாங்க முடியாது.

எத்தனை முறை செய்வது என்பதும் இங்கேதான் வருகிறது. ஒரே ஃபிளாஸ்கிலிருந்து மூன்று குழிகளில் ஊற்றி மூன்று ரீடிங் எடுத்தால் அது உங்கள் பைபெட்டின் ஒழுங்கைத்தான் சொல்கிறது. வேறு வேறு நாளில், வேறு வேறு கல்ச்சரில் மூன்று முறை செய்தால்தான் அது மூன்று. இந்த வித்தியாசம் தெரியாமல் போட்ட பிழைக்கோடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

படி 8: கருவி சொல்வதை உடனே நம்பாதீர்கள்

வேதியியல்காரர்களுக்கு. விளைச்சல் 112 சதவீதம் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே கரைப்பான் இருக்கிறது. குளோரோஃபார்மில் எடுத்த என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) வரைபடத்தில் 7.26-ல் வருவது கரைப்பான், 1.56-ல் வருவது தண்ணீர், 4.12, 2.05, 1.26 மூன்றும் சேர்ந்து வந்தால் சேர்மத்தைப் பிரிக்கக் காலம் குழாயில் (column) ஓட்டிய எத்தில் அசிட்டேட். கரைப்பானின் உச்சங்களைத் தன் சேர்மத்தின் உச்சங்களாக எண்ணிக்கொண்டு இரண்டு வாரம் கட்டமைப்பு வரைந்த மாணவி ஒருவரோடு உட்கார்ந்து இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறேன். எந்தக் கரைப்பான் எங்கே வரும் என்கிற அட்டவணையை அச்செடுத்து மேசையில் ஒட்டிவிடுங்கள்.

உயிரியல்காரர்களுக்கு. டி.என்.ஏ.வைப் பெருக்குகிற பி.சி.ஆரில் டி.என்.ஏ. போடாத ட்யூப் ஒன்று ஒவ்வொரு முறையும் ஓட வேண்டும், ஜெல்லில் பார்க்கும்போது அதில் பட்டி (டி.என்.ஏ. இருப்பதைக் காட்டுகிற கோடு) வந்தால் அன்றைய ஜெல் முழுக்கக் குப்பை, எவ்வளவு அழகாக இருந்தாலும். செல் லைன் (லேபில் தொடர்ந்து வளர்க்கிற செல் வகை) நண்பரின் லேபிலிருந்து ஓசியாக வாங்காதீர்கள். பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்க வேறு வேறு பெயரில் வளர்க்கப்பட்ட பல செல்கள் கடைசியில் ஹீலா என்ற ஒரே புற்றுநோய்ச் செல் வகைதான் என்று தெரியவந்திருக்கிறது. புனேயில் இருக்கிற தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்குங்கள், வந்தவுடன் நிறைய உறையவைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு முறை மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சின்ன பாக்டீரியா தொற்றியிருக்கிறதா என்று சோதனை செய்யுங்கள். அது கண்ணுக்குத் தெரியாது, கலங்கலும் வராது, ரிசல்ட்டை மட்டும் மாற்றும்.

எக்செல் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ச்1, செப்ட்2 என்ற ஜீன் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை எவ்வளவு பரவியது என்றால், 2020-ல் மனித ஜீன் பெயர்க் குழு அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது. கருவியிலிருந்து வந்த மூல ஃபைலைத் தொடாமல் ஒரு பிரதி தனியாக, வேறொரு இடத்தில், வையுங்கள்.

படி 9: படிப்பதும் எழுதுவதும்

பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டாம். சுருக்கம், பிறகு படங்கள், அப்புறம் செய்முறை, கடைசியாக விவாதம். படத்தை மட்டும் பார்த்து "இதிலிருந்து நான் என்ன முடிவுக்கு வருவேன்" என்று நோட்டில் எழுதிவிட்டு, ஆசிரியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். தினமும் ஒன்று முடியாது, வாரத்துக்கு மூன்று போதும். 2025 ஜனவரியிலிருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் சுமார் 13,000 இதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன, உங்கள் நூலகரிடம் போய் லாகின் வாங்குங்கள். சொட்டேரோ என்ற இலவச மென்பொருளை முதல் வாரமே போட்டு, படித்ததை எல்லாம் அதில் சேருங்கள்.

2022 விதிகளுக்குப் பிறகு தீசிஸ் கொடுக்கப் பேப்பர் வெளியிட்டிருப்பது யு.ஜி.சி. கட்டாயம் இல்லை, ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம், விதிப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். இந்த அவசரத்தைத்தான் போலி இதழ்கள் பயன்படுத்துகின்றன. "மூன்று நாளில் ஏற்பு, இவ்வளவு கட்டணம்" என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள். நல்ல இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியல் 2025-ல் கைவிடப்பட்டுவிட்டதால் இப்போது தரத்தை நாமேதான் பார்க்க வேண்டும்: உங்கள் துறையில் நீங்கள் மதிக்கிற யாராவது அந்த இதழில் எழுதியிருக்கிறார்களா, அந்த இதழின் பேப்பரை நீங்கள் எப்போதாவது மேற்கோள் காட்டியிருக்கிறீர்களா? இரண்டுக்கும் இல்லை என்றால் வேண்டாம்.

காப்பியடித்தலில் 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை என்று 2018 விதி சொல்கிறது. அதை இலக்காக வைத்துக்கொண்டு வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். பேப்பரை மூடிவிட்டு, அது சொன்னதை உங்கள் தங்கைக்குச் சொல்வதுபோல் எழுதிப் பாருங்கள், பிரச்சினையே வராது. ஜெல் படத்தில் ஒரு பட்டியை வெட்டி ஒட்டுவது, பின்னணியை அழிப்பது, ஒரே படத்தை இரண்டு இடத்தில் போடுவது எல்லாமே இப்போது கண்டுபிடிக்கப்படுகிறது, பத்து வருடம் கழித்தும் பேப்பர் திரும்பப் பெறப்படுகிறது. யார் பெயர் எந்த இடத்தில் என்பதைச் சோதனை தொடங்கும்போதே கைடிடம் வாய்விட்டுக் கேட்டு, ஒரு மெயிலாகவும் அனுப்பி வைத்துவிடுங்கள்.

படி 10: பணம், உடம்பு, கமிட்டி

ஃபெலோஷிப் பணம் மாதா மாதம் வராது, சில இடங்களில் நாலைந்து மாதம் சேர்ந்து வரும். சேரும்போதே மூன்று மாத வாடகையும் மெஸ் பணமும் கையில் இருக்கும்படி பாருங்கள், முதல் மொத்தத் தொகை வந்ததும் வண்டி வாங்காமல் அதில் பாதியை ஒதுக்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆலோசனைக் கமிட்டி முன் நிற்க வேண்டும். அங்கே வந்த ரிசல்ட்டை மட்டும் காட்டாதீர்கள், வராததையும் கொண்டுபோய் வைத்து உதவி கேளுங்கள், அந்தக் கமிட்டி அதற்காகத்தான் இருக்கிறது. சொன்னதை ஒரு மெயிலில் தொகுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் அடுத்த முறை யாரும் மாற்றிப் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை லேபைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போங்கள். இரவு தனியாக இருந்து தீப்பிடிக்கிற வேலை எதையும் செய்யாதீர்கள்.

படி 11: கிளம்பும்போது

ப்ராஜெக்ட் முடிந்தோ பட்டம் வாங்கியோ போகிற கடைசி இரண்டு வாரத்தை ஒப்படைப்புக்கு என்று தனியாக ஒதுக்குங்கள். ஃப்ரீசரில் உங்கள் பெட்டி எந்த அடுக்கில், அதில் எந்த வரிசையில் எந்த ட்யூப், எந்த நோட்டின் எந்தப் பக்கம் என்று ஒரு அட்டவணை போட்டு, ஒரு பிரதி கைடுக்கு, ஒரு பிரதி ஃப்ரீசர் கதவில். யாருக்கும் வேண்டாத கரைசல்களை லேபிளோடு கழிவுக்கு அனுப்புங்கள், பெயரில்லாத பாட்டிலை அடுத்து வருகிறவர் தலையில் கட்டாதீர்கள். நோட்டு லேபுக்குச் சொந்தம், நீங்கள் ஸ்கேன் பிரதி எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக, உங்கள் இடத்துக்கு வரப்போகிற ஜூனியரைக் கூப்பிட்டு, உங்கள் முக்கியமான சோதனை ஒன்றை உங்கள் நோட்டை மட்டும் பார்த்து அவரையே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியை அன்றைக்கே திருத்தி எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.